உயிரோடு இருந்த விரால்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உங்களில் பலர் எம்.எஸ்சி. படித்தவர்கள். எந்தப் பாட்டிலில் எந்த மருந்தை எத்தனை சொட்டு விடவேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாய்க்கால் கரையில் நிற்கும்போது உங்கள் பாட்டில் ஒன்றைச் சொல்லும். சுற்றி நிற்கும் ஜனங்களுக்கு வேறொரு பதில் வேண்டியிருக்கும். அப்படி ஒருநாள் காலையில் பாலக்கரையில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

எனக்கு மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமம். மாட்டுச் சந்தையில் கயிறு பிடித்தேன், திண்டுக்கல் போகிற லாரியில் கிளீனராக இருந்தேன், அறுப்புக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் போனேன். ஒரு ஊரில் கால் தரிக்காது எனக்கு. சோறு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. திருச்சி ஜங்ஷன் எதிரே ஒரு டீக்கடையில்தான் கொஞ்சம் அதிகமாகத் தங்கினேன். அங்கே டீ ஆத்தப் பழகினேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல், கீழே இருக்கிற குவளையில் நுரை பொங்க இறக்குவேன். ரயிலுக்கு நிற்கிறவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு டீ சொல்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நகரத்து வாய்க்கால் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவ ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். தற்காலிக வேலை. மற்ற இடங்களைப் போலவே இதையும் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாட்டில் கழுவுகிறவனையே சைக்கிளில் தண்ணீர் எடுக்கவும் அனுப்பினார்கள். இன்று உய்யக்கொண்டான், நாளை கோரையாறு, மறுநாள் காவிரியைத் தாண்டித் திருவானைக்காவல், ஸ்ரீரங்கம். ஊர் சுற்றுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதனால் தங்கிவிட்டேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்தார். நாங்கள் அவரை மேடம் என்போம். அதிகம் பேசமாட்டார். நான் எடுத்துவந்த பாலக்கரைத் தண்ணீரில் மாதக்கணக்காக ஒரு விஷயம் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த இடத்தில் வாய்க்கால் நாற்றமடிக்கும். ஆனால் சோதித்துப் பார்த்தால் தண்ணீரில் காற்று நிறையக் கரைந்திருக்கும், ஏதோ மலையருவியிலிருந்து கொண்டுவந்த மாதிரி. கடைசியில் ஒருநாள் என்னோடு அவரும் புறப்பட்டு வந்தார். பாலத்தின் மேல் நின்று நான் வாளியை இறக்கித் தூக்கினேன். பிறகு என் கைப்பழக்கத்தில் வாளியை உயர்த்திப் பாட்டிலில் ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

மேடம் பாட்டிலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"தண்ணி எடுக்கறேன் மேடம்."

"எடுக்கலை. ஆத்தறீங்க. மேலேர்ந்து கீழ ஊத்தும்போது வழியில இருக்கற காத்தையெல்லாம் அது குடிச்சுட்டுல்ல உள்ள போகுது! இத்தனை மாசமா நான் வாய்க்காலை டெஸ்ட் பண்ணலை, உங்க கையைத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். அந்த மாதங்களின் கணக்கு எல்லாவற்றையும் அவரே குறுக்குக் கோடு போட்டு அடித்தார். அன்றிலிருந்து பாட்டிலை மூங்கிலில் கட்டி, தண்ணீருக்குள்ளேயே மெதுவாகச் சாய்த்து, குமிழி வராமல் நிரப்பக் கற்றுக்கொண்டேன். பிறகு கரையிலேயே இரண்டு மருந்து விடுவோம். தண்ணீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் இறங்கும். இல்லையென்றால் பால் மாதிரி வெள்ளையாக இறங்கும். மிச்சக் கணக்கு ஆய்வுக்கூடத்தில். வெள்ளையா பழுப்பா என்பது மட்டும் அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கம், கத்திரி வெயில் காலம். மேட்டூர் அணையை மூடியிருந்தார்கள். பாலக்கரை வழியாகப் போகும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஓட்டம் இல்லை. அங்கங்கே பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான். பாலக்கரைப் பாலத்துக்கு அடியில் அப்படி ஒரு நீளமான மடு. வாய்க்காலின் மீன் எல்லாம் அதில் வந்து ஒண்டியிருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதில் குதித்து விளையாடும், பெண்கள் பாத்திரம் தேய்ப்பார்கள். முந்தைய நாள் இரவு இடியோடு கோடை மழை அடித்தது.

காலையில் நான் திருவானைக்காவலில் ஒரு வாய்க்கால் முனையில் இருந்தேன். எங்கள் அலுவலக டிரைவர் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "பாலக்கரைல மீன் பூரா செத்து மிதக்குது. எவனோ பூச்சிமருந்தை ஊத்திட்டானாம். ஆளைப் புடிச்சு வச்சிருக்காங்க. உன்னைத் தேடறாங்க, போ."

மேடம் கூட்டத்துக்காக மெட்ராஸ் போயிருந்தார். பாட்டிலும் மருந்தும் இருக்கும் பெட்டியைக் கட்டிக்கொண்டு காவிரிப் பாலம் வழியாகச் சைக்கிளை மிதித்தேன்.

பாலக்கரைப் பாலத்தில் கூட்டம். கீழே மடு முழுக்க வெள்ளை வயிறு தெரிய மீன்கள். கரையில் ஒரு ஆளைக் குந்தவைத்து, அவருடைய துண்டாலேயே கையைக் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த முகம்தான். சவரிமுத்து, தூண்டில் போட்டு விரால் பிடித்து மார்க்கெட்டில் விற்பவர். பக்கத்தில் அவருடைய கூடை. அதில் ஈரச்சாக்குக்கு அடியில் விரால்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவருடைய மனைவி ஆரோக்கியம் கூடையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், அதையாவது யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதுபோல. ஒரு கான்ஸ்டபிள் வேர்த்து வழிய நின்றார்.

"லேப்லேர்ந்து வந்துட்டீங்களா? நல்லதாப்போச்சு," என்றார் அவர். "ஒரே வார்த்தை சொல்லுங்க. விஷமா, இல்லியா?"

"விஷம் பாக்கற டெஸ்ட் எங்ககிட்ட இல்லீங்க. மெட்ராஸுக்குத்தான் அனுப்பணும். பதில் வர வாரக்கணக்கா ஆகும்."

"அதுவரைக்கும் இந்த ஆளை நான் மடியில வச்சுக்கிட்டு உக்காரவா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மாவு மில் ரத்தினம் சிரிக்கவில்லை. அவர்தான் முன்னால் நின்றார்.

"டெஸ்ட் எதுக்குங்க? கண்ணு இருக்குல்ல? இத்தனை மீனும் செத்துக் கெடக்கு, இவன் கூடையில மட்டும் விரால் உயிரோட துள்ளுது. அது எப்படி? முதல்ல நல்ல மீனைப் புடிச்சு வச்சுக்கிட்டான். அப்புறம் மருந்தை ஊத்திட்டான், மிச்சத்தை நோகாம அள்ளலாம்னு. நேத்து சாயந்தரம் என் பொண்ணு இந்தத் தண்ணியிலதான் ஆடுனா. விடியக்காலையிலேர்ந்து வாந்தி. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவனை நானே..."

சொல்லி முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

"மாதா சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை சார்," என்றார் சவரிமுத்து என்னைப் பார்த்து. "காலையில வந்து பாத்தேன், விரால் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்துகிட்டு நின்னுச்சு. கையாலயே புடிச்சேன்."

இன்னொரு பக்கம் குடமும் கூடையுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி குரல் கொடுத்தாள்: "அண்ணே, விஷம் இல்லேன்னா சட்டுன்னு சொல்லிடுங்க. கெடறதுக்கு முன்னாடி அள்ளிக்கிட்டுப் போறோம்."

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். விஷம் இருக்கலாம் என்று நான் சொன்னால் சவரிமுத்துவின் கதை அங்கேயே முடிந்துவிடும். கான்ஸ்டபிள் ஒருவர்தான், கூட்டம் பெரியது. விஷம் இல்லை என்று சொன்னால் ஒரு தெரு முழுக்க அந்த மீன் குழம்பாகிவிடும். நான் சொன்னது தப்பாக இருந்தால், அன்று மத்தியானம் எத்தனை வீட்டில் என்ன ஆகும்? தெரியாது என்று சொன்னால்? அந்தக் கூட்டத்தில் தெரியாது என்பதற்கு ஆம் என்றுதான் அர்த்தம்.

பெட்டியோடு மடுவுக்கு இறங்கினேன். முதலில் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து, மூடி, துணி சுற்றித் தனியாக வைத்தேன். அது மெட்ராஸுக்கு. இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பரபரப்பில் முதலில் மறந்துபோவது இதுதான். பிறகு மூங்கிலில் கட்டிய பாட்டிலை இறக்கி, குமிழி வராமல் நிரப்பி, இரண்டு மருந்தையும் விட்டேன். வெள்ளை. துளிகூடப் பழுப்பில்லை. சுண்ணாம்பு கரைத்த மாதிரி இறங்கியது.

சுற்றிலும் பார்த்தேன். செத்தவை எல்லாம் கெண்டை வகை. பாலத்துத் தூணில் நத்தைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. விரால் மேலே வந்து நம்மைப் போலக் காற்றை வாயால் விழுங்கும். தண்ணீரில் பிராணவாயு இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்த வசதி இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பிராணவாயு இல்லை என்றுதான் பாட்டில் சொன்னது. விஷம் இல்லை என்று அது சொல்லவில்லை.

மேலே ஏறி, "தண்ணியில காத்து இல்லை. மீன் மூச்சு முட்டிச் செத்திருக்கு," என்றேன்.

"மீனு மூச்சு முட்டிச் செத்துச்சா? தண்ணிக்குள்ளயா?" என்றார் ரத்தினம். "நாங்க என்ன கைக்குழந்தைங்களா?"

"காசு வாங்கிட்டான்யா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சவரிமுத்துகிட்ட ஏதுடா காசு?" என்றது இன்னொன்று.

பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். வெள்ளை அவர்களுக்கு என்ன சொல்லும்? விஷம் கரைந்த நிறம் என்றே ஒருவர் எடுத்துக்கொண்டார். கூட்டம் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தது. கான்ஸ்டபிள் என் காதருகே, "சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க," என்றார்.

பாலத்து முனையில் காதர் பாயின் டீக்கடை. ஊரே இங்கே நின்றாலும் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. பாய் கையைத் தூக்கி டீ ஆத்தினார். நுரை பொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு மேடத்தின் குரல் நினைவுக்கு வந்தது. எடுக்கலை, ஆத்தறீங்க.

"பாய், ரெண்டு மூணு குண்டான் குடுங்க. கூட டீ ஆத்தற பெரிய போகணி ரெண்டு."

"எதுக்கு?"

"வாய்க்கால் தண்ணிக்கு."

"செத்த மீன் கெடக்கற தண்ணியை என் போகணியில ஊத்தினா அப்புறம் அதுல எவன்ப்பா டீ குடிப்பான்?"

"குடுங்க பாய், கேஸு விஷயம்," என்றார் கான்ஸ்டபிள். பாய் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டை அடைத்த பழைய அலுமினியச் சாமான்களாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

எதிர் வீட்டுக் கிணற்றில் கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கெண்டைக் குஞ்சுகள் விட்டிருந்தார்கள். ஒரு வாளி இறைத்ததில் சில வந்தன. ஒரு குண்டானில் மடுவின் தண்ணீரை அலுங்காமல் மொண்டு வைத்தேன். "எல்லாரும் பாருங்க," என்று சொல்லி இரண்டு குஞ்சுகளை அதில் விட்டேன். உடனே மேலே வந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தன.

"பாத்தீங்களா? விஷம்!" என்றார் ரத்தினம்.

"அவசரப்படாதீங்க." சவரிமுத்துவின் கூடையிலிருந்து ஒரு விராலை எடுத்து அதே குண்டானில் விட்டேன். அது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியது, கீழே போய்ப் படுத்துக்கொண்டது. மறுபடி மேலே வந்தது, மறுபடி படுத்தது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

பிறகு அதே மடுவிலிருந்து போகணியில் தண்ணீர் எடுத்து ஆத்த ஆரம்பித்தேன். ஒரு போகணியிலிருந்து இன்னொன்றுக்கு, தலைக்கு மேலிருந்து இடுப்புக்குக் கீழே. டீக்கடையை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. தோள் வலித்தது, தண்ணீர் சட்டையில் கொட்டியது. கூட்டத்தில் யாரோ, "மாஸ்டர், எனக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு!" என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தேவையாக இருந்தது. சிரிக்கிற கூட்டம் சட்டென்று அடிக்காது.

காதர் பாயால் என் கையைப் பார்த்துச் சகிக்க முடியவில்லை. "இப்படியா ஆத்துவாங்க? தள்ளு," என்று போகணியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கையில் அந்தச் சாக்கடைத் தண்ணீர் பட்டுக் கயிறு மாதிரி இறங்கியது. அவர் ஓயும்போது நான், நான் ஓயும்போது அவர்.

அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து மருந்து விட்டேன். பழுப்பு இறங்கியது. முதல் பாட்டிலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். பிறகு ஆத்திய தண்ணீரை ஒரு குண்டானில் ஊற்றி, கிணற்றுக் குஞ்சுகள் இரண்டை விட்டேன். நீந்தின. அடியில் ஒரு சுற்று, ஓரத்தில் ஒரு சுற்று. முதல் குண்டானில் சாய்ந்து கிடந்த இரண்டையும் எடுத்து இதில் போட்டேன். ஒன்று மெல்ல நிமிர்ந்தது. மற்றது நிமிரவில்லை.

"அது செத்துப்போச்சே!" என்றார் ஒருவர்.

"அதுக்கு நேரம் கடந்துபோச்சு," என்றேன்.

காதர் பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சர்க்கரை போட்ட டீயை எவ்வளவு நேரம் ஆத்தினாலும் இனிப்புப் போகாதுப்பா. சூடுதான் போகும். விஷமா இருந்தா நம்ம ஆத்தினதுல எங்க போயிடும்? இந்தக் குஞ்சு இன்னும் நீந்துதுல்ல?"

நான் விளக்க நினைத்ததை அவர் ஒரு டீயில் முடித்துவிட்டார். ரத்தினம் குனிந்து நீண்ட நேரம் குண்டானையே பார்த்தார்.

"அப்ப யாருதான் கொன்னது?"

"நேத்து மழைங்க. மாசக்கணக்கா சாக்கடையில தேங்கினதையெல்லாம் ஒரே அடியா அடிச்சுக்கிட்டு வந்து இங்க தள்ளிருச்சு. அந்த அழுக்கு தண்ணியில இருந்த காத்தைத் தின்னுடுச்சு. உங்க வீட்டுச் சாக்கடை, என் வீட்டுச் சாக்கடை, பாய் கடைச் சாக்கடை..."

"என் கடையை ஏன் இழுக்கறே? போகணி குடுத்ததுக்கா?" என்றார் பாய்.

ரத்தினம் தாழ்ந்த குரலில், "என் பொண்ணுக்கு வாந்தி?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. டாக்டர்கிட்ட உடனே காட்டுங்க. இந்தத் தண்ணியில இறங்கினா வாந்தி வர்றதுக்குத் தனியா விஷம் வேணும்னு இல்லை."

அவர் போய்விட்டார். சவரிமுத்துவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாளில் பெண் எழுந்து விளையாடினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கான்ஸ்டபிள் துண்டை அவிழ்த்துவிட்டு, "போய்யா, மூஞ்சியைக் கழுவு," என்றார்.

அவ்வளவில் முடிந்தது என்று நினைத்தேன். திரும்பினால், பெண்கள் கூடையோடு மடுவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்மா! அள்ளாதீங்க!"

"நீதானே விஷம் இல்லேன்னே?" என்றாள் முன்பு குரல் கொடுத்தவள்.

"விஷம் இல்லேன்னு தோணுது. ஆனா சாக்கடையில செத்து ஊறின மீனு. சாப்பிடக் கூடாது."

"விஷம் இல்லேன்னா திங்கலாம். திங்கக் கூடாதுன்னா விஷம். ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

அவள் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. கான்ஸ்டபிளும் அதே கேள்வியைத்தான் கேட்டார். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதைக் கூடையில் அள்ளமுடியாது. துப்புரவுப் பணியாளர்கள் வண்டியோடு வந்து நின்றிருந்தார்கள். அவர்களிடமிருந்து பிளீச்சிங் பவுடர் மூட்டையை வாங்கி, கரையில் ஒதுங்கிக் கிடந்த மீன்மேல் நானே கை நிறைய அள்ளித் தூவினேன்.

"பாவி! விஷம் இல்லேன்னு சொல்லிட்டு இப்ப நீயே விஷத்தைத் தூவறியே!" என்று அவள் சேற்றை அள்ளி என்மேல் வீசினாள். சட்டையில் பட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. சும்மா கிடைத்த ஒரு வேளைக் குழம்பு அது. நான் அதைவிட மோசமானதைத் தின்று நாட்களை ஓட்டியிருக்கிறேன். அவள் இடத்தில் நான் இருந்தால் சேற்றோடு கல்லையும் சேர்த்து எறிந்திருப்பேன். அதையும் மீறிச் சிலர் முந்தானையில் மறைத்துக் கொண்டுபோகத்தான் செய்தார்கள். எல்லாரையும் தடுக்க என்னால் முடியவில்லை.

மேடம் மெட்ராஸிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தனியா ஒரு பாட்டில் எடுத்து வச்சீங்களா?"

"வச்சேன் மேடம்."

"ஐஸ்ல?"

"பாய் கடையில சர்பத்துக்கு வச்சிருந்த ஐஸ்ல."

"சரி." அதை நோட்டில் குறித்துக்கொண்டார். "குஞ்சு நீந்துச்சுன்னு நான் ரிப்போர்ட்ல எழுத முடியாது. ஆத்தினா போகாத விஷம் உண்டு, போற விஷமும் உண்டு. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"நான் அங்க இருந்திருந்தா, 'ரிசல்ட் வரட்டும், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது'ன்னு சொல்லியிருப்பேன். அதுதான் சரியான பதில்." பிறகு மெதுவாக, "அந்த மனுஷன் என்ன ஆகியிருப்பார்னும் தெரியலை," என்றார்.

மெட்ராஸ் பதில் வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை பாலக்கரையில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தாலே எனக்குச் சோறு இறங்காது. பூச்சிமருந்து எதுவும் இல்லை என்று பதில் வந்தது. மேடம் அந்தத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் அன்று செய்தது சரியா என்று நீங்கள் கேட்டால், நான் சொன்னது சரியாக இருந்தது என்றுதான் சொல்வேன். இரண்டும் ஒன்றல்ல. கூட்டத்துக்கு எதைக் காட்டினாலும் காட்டுங்கள். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பதை மட்டும் தனியாக ஒரு பாட்டிலில் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கதையில் இன்னும் ஒரு மிச்சம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் பாலக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பாலத்தில் சவரிமுத்து நிற்பார். கிட்டே வரமாட்டார். நான் மருந்து விட்டுப் பாட்டிலைக் குலுக்கும்வரை காத்திருந்து கேட்பார்:

"இன்னிக்கு என்ன நிறம் சார்?"

பழுப்பு என்றால் தலையாட்டிவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார். வெள்ளை என்றால் காலிக் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்று விசாரித்தேன். காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடத்துக்கு. கோடையில் அங்கே மணல்தான். நடுவில் நாலு குட்டை. மீன் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒரு வெள்ளை நாளில் அவரை நிறுத்திக் கேட்டேன்: "இன்னிக்குத்தானே விரால் எல்லாம் மேல வரும்? கையாலயே புடிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா சார். இன்னிக்குத்தான் நிறைய கிடைக்கும்."

"அப்புறம் ஏன் அவ்வளவு தூரம் போறீங்க?"

கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு மத்த மீனெல்லாம் செத்து மிதக்கும். என் கூடையில மட்டும் உயிரோட இருக்கும். நீங்க என்னிக்கும் இங்கயே இருப்பீங்களா சார்?"

அன்றிலிருந்து மழை பெய்த மறுநாள் என் சுற்றை மாற்றிக்கொண்டேன். முதலில் பாலக்கரை, பிறகுதான் மற்ற இடங்கள். விடிந்தும் விடியாமலும் பாலத்தில் போய் நிற்பேன். கீழே மடுவில் விரால்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். பாலத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். காதர் பாய் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொல்வார், "இடி இடிச்சப்பவே அவன் கொள்ளிடத்துக்குப் போயிட்டான்ப்பா."